டாஸ்க் புக்கும் மொய் நோட்டும்: க்ரூ பாஸ் ஆக நினைப்பவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் க்ரூ பாஸ் தகுதி பற்றியவை. காட்டுத்தீயில் சுமார் 20 பேர் கொண்ட க்ரூவை நடத்துபவர்தான் க்ரூ பாஸ். ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். பதில்கள் எல்லாம் அமெரிக்க நடைமுறைக்கு. காட்டுத்தீ வேலைக்குப் பொதுத் தரங்களை வகுக்கும் என்டபிள்யூசிஜி அமைப்பின் 310-1 கையேடு சொல்வது குறைந்தபட்சத் தகுதி மட்டும்தான். உங்கள் ஏஜென்சி அதற்கு மேல் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஒவ்வொரு முறையும் இதைச் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் "310-1-இல் இல்லாததை எங்கள் அலுவலகத்தில் கேட்கிறார்களே" என்று எழுதுகிறார். கேட்பார்கள்.

கேள்வி: எஸ்-230 (க்ரூ பாஸ் வகுப்பு), எஸ்-290 (தீயின் போக்கு பற்றிய வகுப்பு) இரண்டும் முடித்துவிட்டேன். ரெட் கார்டில் (தீயில் எந்தப் பொறுப்புக்குத் தகுதி என்று காட்டும் அட்டை) க்ரூ பாஸ் என்று வந்துவிடுமா?

வராது. வகுப்பு முடித்தால் சான்றிதழ் வரும், அவ்வளவுதான். முதலில் ஸ்குவாட் பாஸ், அதாவது க்ரூவுக்குள் ஒரு சிறு பிரிவை நடத்துபவர் என்ற தகுதி கையில் இருக்க வேண்டும். அதன் பிறகுதான் க்ரூ பாஸ் டாஸ்க் புக்கைத் திறப்பார்கள். செய்து காட்ட வேண்டிய வேலைகளின் பட்டியல் அது, ஒவ்வொன்றிலும் மதிப்பீட்டாளர் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் தீயில் ட்ரெய்னியாக வேலை, மதிப்பீடு, கடைசி மதிப்பீட்டாளரின் பரிந்துரை, உங்கள் ஏஜென்சியின் ஒப்புதல். நீங்கள் இன்னும் வாசலில்தான் நிற்கிறீர்கள்.

கேள்வி: பேக் டெஸ்டில் (முதுகில் பாரத்தோடு நடக்கும் உடல்தகுதித் தேர்வு) 46 நிமிடம் ஆகிவிட்டது. கடைசி அரை மைல் கொஞ்சம் ஓடினால் கண்டுகொள்ளாமல் விடுவார்களா?

மாட்டார்கள். 3 மைல், 45 பவுண்டு, 45 நிமிடம், நடை மட்டும். அதாவது மைலுக்கு 15 நிமிடம். ஒரு நிமிடம் குறைக்க ஓட்டம் தேவையில்லை, பழக்கம் போதும். ஆனால் முதல் நாளே 45 பவுண்டைத் தூக்கி முதுகில் வைக்காதீர்கள். சும்மா நடந்து வேகத்தைப் பிடியுங்கள், பிறகு வாரா வாரம் பாரத்தை ஏற்றுங்கள். டெஸ்டுக்கு முன் தரும் உடல்நலக் கேள்வித்தாளில் பொய் எழுதாதீர்கள். இந்த நடையிலேயே இதயம் நின்று இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: டாஸ்க் புக் காலாவதி ஆகுமா? என்னுடையது எப்போது திறந்தது என்றே நினைவில்லை.

ஆகும். திறந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் முதல் மதிப்பீடு நடக்க வேண்டும். அது நடந்தால், அந்த நாளிலிருந்து இன்னொரு 3 ஆண்டு. திறந்த தேதி முதல் பக்கங்களிலேயே இருக்கிறது. எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்திருக்கலாம். தகுதி கிடைத்த பிறகும் சும்மா இருந்துவிட முடியாது. 5 ஆண்டு அந்தப் பதவியிலோ அதோடு தொடர்புடைய பதவியிலோ வேலை செய்யாவிட்டால் தகுதி போய்விடும். ஆண்டுதோறும் ஆர்டி-130 என்ற பாதுகாப்பு ரெஃப்ரெஷர் வகுப்பும் பேக் டெஸ்டும் தனிக் கணக்கு.

இன்னொன்று. ஒவ்வொரு தீ முடிந்ததும், அன்றைக்கே, டாஸ்க் புக்கின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: எனக்குக் கிடைத்த மதிப்பீட்டாளர் ரொம்பக் கறார். இரண்டு தீயில் அவரோடு இருந்தும் பாதி டாஸ்க்கில்கூடக் கையெழுத்துப் போடவில்லை. என் நண்பர் ஒருவர் க்ரூ பாஸ் தகுதி உள்ளவர். மீதியை அவரிடம் முடித்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

நண்பர் தகுதி உள்ளவர், நீங்கள் அவரோடு உண்மையான தீயில் ட்ரெய்னியாகப் போகிறீர்கள், அவர் கண் முன்னால் அந்த வேலைகளைச் செய்து காட்டுகிறீர்கள் என்றால் தாராளமாக. ஆனால் உங்கள் கேள்வியின் தொனி அப்படி இல்லை. "முடித்துக்கொள்ளலாமா" என்கிறீர்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய தீயின் கேம்ப்பில், ஊருக்குத் திரும்பும் நாள் காலை, ஒரு பிக்-அப் வண்டியின் பானெட் மீது டாஸ்க் புக் விரிந்து கிடந்ததைப் பார்த்தேன். ஒருவர் பக்கம் புரட்டுகிறார், இன்னொருவர் எழுதுகிறார். ஒரே பேனா, ஒரே தேதி, மேலிருந்து கீழ்வரை ஒரே சாய்வில் இனிஷியல். ஒரு கையில் காபி வேறு. நம் கல்யாண வீட்டில் மொய் எழுதுபவர்கூட ஒவ்வொரு பெயரையும் கேட்டு, பணத்தை எண்ணிப் பார்த்துத்தான் எழுதுவார். இங்கே அதுவும் இல்லை. இருவரும் ஒரே அலுவலகத்துக்காரர்கள் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த சீசனில் அதே ட்ரெய்னி முழு க்ரூ பாஸாக என் க்ரூவுக்குப் பக்கத்துக் கோட்டுக்கு (தீ தாண்டாமல் இருக்க மண் தெரிய வெட்டும் பாதை) வந்தார். மதியம் காற்று கொஞ்சம் திரும்பியது. ரேடியோவில் "உங்கள் லுக்அவுட் யார், எங்கே நிற்கிறார்?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். "பார்த்துச் சொல்கிறேன்" என்றார். அவர் லுக்அவுட்டே போடவில்லை. சுமார் 20 பேர் இறக்கத்தைப் பார்த்துக் கோடு வெட்டிக்கொண்டிருந்தார்கள், கீழே என்ன எரிகிறது என்று பார்க்க ஓர் ஆள் இல்லை. என் லுக்அவுட்டுக்கு அவர்கள் பகுதியும் தெரிந்ததால் அன்று ஒன்றும் ஆகவில்லை. லுக்அவுட் போடுவது அவருடைய டாஸ்க் புக்கில் கையெழுத்தான வேலை.

கறாரான மதிப்பீட்டாளர் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம். எனக்கும் அப்படி ஒருவர் வாய்த்தார். மாப்-அப் (மிச்சக் கங்குகளை அணைக்கும்) நாள் ஒன்றில், சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, "உன் ஆட்களில் யாருக்கு பூட்ஸ் கடிக்கிறது?" என்றார். யாருக்கும் இல்லை என்றேன். மூன்றாவது ஸ்குவாடில் ஒரு பையனை உட்காரவைத்து பூட்ஸைக் கழற்றச் சொன்னார். குதிகாலில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் உரிந்து, சாக்ஸ் ஒட்டியிருந்தது. காலையிலிருந்து நொண்டியிருக்கிறான், நான் பார்க்கவில்லை. அந்த டாஸ்க்கில் அவர் கையெழுத்துப் போடவில்லை. மதிப்பீட்டுத் தாளில் காரணத்தையும் எழுதினார். ஒரு வாரம் அவர் மேல் கோபமாக இருந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை காலை ப்ரீஃபிங்கில் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைத்தான் பார்க்கிறேன்.

ஆக, அவரிடமே போய் "எந்த டாஸ்க்கில் என்ன குறை?" என்று கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள். அதையும் போட்டோ எடுத்து வையுங்கள். எத்தனை தீ பார்த்தால் போதும் என்று 310-1-இல் எண்ணிக்கை கிடையாது. வேலை தெரிந்தால் போதும், தெரியாவிட்டால் பத்துத் தீயும் போதாது.

கேள்வி: க்ரூ பாஸ் வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது? வயது 36. தகவல் தரவும்.

மத்திய அரசா, மாநிலமா, தனியார் கான்ட்ராக்ட் க்ரூவா? குடியுரிமை உண்டா? இதுவரை ஒரு சீசனாவது வேலை செய்திருக்கிறீர்களா? எதுவும் எழுதாமல் "தகவல் தரவும்" என்றால் நான் ஜாதகமா பார்க்கிறேன்? பொதுவாகச் சொல்கிறேன். மத்திய அரசு வேலைக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அங்கே நிரந்தரத் தீயணைப்புப் பதவிக்கு 37 வயது நிறைவதற்குள் சேர வேண்டும், முன்னாள் ராணுவத்தினருக்குச் சலுகை உண்டு. மாநிலம், தனியார் விதிகள் வேறு. இன்னொன்றும் குழப்பிக்கொள்கிறீர்கள். ரெட் கார்டில் இருக்கும் க்ரூ பாஸ் என்பது தீயில் நீங்கள் ஏற்கும் பொறுப்பு, சம்பளப் பட்டியலில் இருக்கும் பதவி அல்ல. விண்ணப்பிப்பது பிந்தையதற்கு.

கேள்வி: நகரத் தீயணைப்புத் துறையில் 12 ஆண்டு, கேப்டன். நானும் மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டுமா?

முழுக்க இல்லை. உங்கள் அனுபவத்தில் எதை ஏற்பது என்று ஏஜென்சி முடிவு செய்யும். ஆட்களை நடத்தும் பழக்கம் உங்களுக்கு உண்டு, அது பெரிய முதல். ஆனால் கட்டடத் தீயில் பின்னால் தண்ணீர் இருக்கிறது. இங்கே பல நாள் தண்ணீரே கிடையாது, மண்ணும் புலாஸ்கியும்தான் (ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் மண்வெட்டி போன்ற கருவி). ஒரு சீசன் கோடு வெட்டிப் பாருங்கள். கேப்டன் என்பதை முதல் வாரம் யாரிடமும் சொல்லாதீர்கள்.

கேள்வி: எஸ்-290 கணக்குகள் புரியவில்லை. தீயில் யார் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள்?

யாரும் போடுவதில்லை. ஆனால் ஈரப்பதம் இறங்கி, சரிவு ஏறி, காற்றும் சேர்ந்தால் தீ என்ன செய்யும் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். அதற்கு அந்தக் கணக்கு. 1957-இல் வகுத்த பத்துக் கட்டளைகளில் முதலாவதே வானிலையையும் முன்னறிவிப்பையும் தெரிந்துவைத்திரு என்பதுதான். 1994 ஜூலை 6, கொலராடோவின் சவுத் கேன்யன் தீ. குளிர்முகம் (குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு) வருகிறது, பலத்த காற்று வரும் என்று முன்னறிவிப்பு இருந்தது, அது கோட்டில் நின்றவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. 14 பேர் இறந்தார்கள். 2013 ஜூன் 30, அரிசோனாவின் யார்னெல் ஹில். இடிமழை மேகத்திலிருந்து கிளம்பிய காற்று தீயைத் திருப்பிவிட்டது, 19 பேர். லுக்அவுட், தகவல் தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பிடம், இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் வேலையைத் தொடங்காதீர்கள். முன்னறிவிப்பைக் காலையில் படித்துவிட்டுப் பையில் போட்டால் போதாது. மதியம் மறுபடி ரேடியோவில் கேளுங்கள்.

கேள்வி: என்னைவிட வயதில் மூத்தவர்கள் க்ரூவில் இருக்கிறார்கள். கத்தினால்தான் கேட்பார்களா?

கத்தினாலும் கேட்க மாட்டார்கள். 1949 ஆகஸ்ட் 5, மொண்டானாவின் மேன் கல்ச். தீ துரத்தி வருகிறது. ஃபோர்மேன் டாட்ஜ் எதிரே இருந்த புல்லைத் தானே கொளுத்தி, எரிந்து கருகிய இடத்துக்குள் வந்து படுக்கச் சொன்னார். சரியான யோசனை, அவர் அதில் பிழைத்தார். ஆனால் கூட இருந்தவர்கள் அவரோடு அதிகம் வேலை செய்து பழகாதவர்கள். இவர் ஏன் நெருப்பு வைக்கிறார் என்று புரியாமல் தாண்டி ஓடினார்கள். 13 பேர் இறந்தார்கள். பழக்கம் ஆபத்து நேரத்தில் உண்டாகாது. தினமும் ப்ரீஃபிங்கில் என்ன செய்யப் போகிறோம் என்பதோடு ஏன் என்பதையும் சொல்லுங்கள். மூத்தவரிடம் "இந்தச் சரிவை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?" என்று எல்லார் முன்னாலும் கேளுங்கள். முடிவை நீங்களே எடுங்கள்.

கேள்வி: ஹாட்ஷாட் க்ரூவில் (அனுபவமும் பயிற்சியும் மிகுந்த முதல்தரக் க்ரூ) சேர்ந்தால் சீக்கிரம் தகுதி கிடைக்குமா?

தீ அதிகம் பார்ப்பீர்கள், கற்பதும் அதிகம். ஆனால் உங்களைப் போலவே டாஸ்க் புக்கோடு வரிசையில் நிற்பவர்களும் அங்கே அதிகம். அதற்கு அடுத்த தரமான டைப் 2 க்ரூவில் ட்ரெய்னி வாய்ப்பு முன்னதாக வரலாம். சீக்கிரம் என்ற சொல்லுக்கு என் பதில் மேலே இருக்கிறது.

கேள்வி: க்ரூ பாஸுக்கு ஏன் இவ்வளவு காகித வேலை? டைம் ரிப்போர்ட்டை வேறு யாராவது எழுதக்கூடாதா?

எழுதலாம், கையெழுத்து உங்களுடையது. அந்தத் தாளில் மணி தப்பானால் உங்கள் ஆளின் சம்பளம் தப்பாகும். அதைவிட முக்கியம், வேலைக்கும் ஓய்வுக்கும் 2-க்கு 1 (இரண்டு மணி வேலைக்கு ஒரு மணி ஓய்வு) என்ற கணக்கு அதில்தான் தெரியும். ஒரு நாள் வேலை 16 மணி நேரத்தைத் தாண்டினால் காரணம் எழுத வேண்டும். ஒரு தீயில் தொடர்ந்து வேலை செய்யும் 14 நாள் முடியும்போது அசதியில் எழுதும் தாளில்தான் தப்பு வரும். அன்றன்றைக்கு எழுதுங்கள். போட்டோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: முதல் முறை ட்ரெய்னியாகப் போகிறேன். என்ன எடுத்துப்போக வேண்டும்?

மற்ற எல்லாம் உங்களுக்கே தெரியும். டாஸ்க் புக்கை ஜிப் பூட்டுள்ள பிளாஸ்டிக் பையில் போடுங்கள், வியர்வையில் மை கரையும். பாக்கெட் கைடு (களத்தில் பார்க்கும் சின்னக் கையேடு), சின்ன நோட்டு, இரண்டு பேனா. ஒரு பேனாவை மதிப்பீட்டாளர் கேட்டு வாங்கிக்கொண்டு திருப்பித் தர மாட்டார்.