டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்ததும் பதிவகம் காலி: என்ன செய்வது?

கேள்வி: எங்கள் அலுவலக டாம்கேட் (ஜாவா வெப் மென்பொருளை ஓட்டும்) சர்வரில் ஒரு ஒப்பந்ததாரர் ஜேயூடிடிஐ பதிவகத்தை (யூடிடிஐ தரப்படி வெப் சர்வீஸ்களைப் பட்டியலிட்டு வைக்கும் மென்பொருள்) நிறுவித் தந்தார். வெப் சர்வீஸ்களை எல்லாம் அதில் பதிந்தோம். சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் ஒன்றையும் காணோம். மறுபடி முதலிலிருந்து பதிய வேண்டுமா?

பதில்: வேண்டாம், அவசரப்படாதீர்கள். பதிந்தவை பெரும்பாலும் டிஸ்கில் பத்திரமாகவே இருக்கும். சர்வர்தான் வேறு இடத்தில் தேடுகிறது.

ஜேயூடிடிஐயோடு டெர்பி என்ற சின்ன டேட்டாபேஸ் சேர்ந்தே வருகிறது. அதற்கான அமைப்பில் முழுப் பாதை கிடையாது, வெறும் ஃபோல்டர் பெயர்தான். கூடவே 'இல்லாவிட்டால் புதிதாக உருவாக்கு' என்ற குறிப்பும் இருக்கும். அதனால் டாம்கேட்டை எந்த ஃபோல்டரிலிருந்து ஸ்டார்ட் செய்கிறீர்களோ, அங்கேதான் தேடும். இடம் மாறினால் ஒரு எர்ரர்கூடக் காட்டாமல் காலி டேட்டாபேஸ் ஒன்றைத் திறந்து வைத்துவிடும். 'juddi-derby-test' (ஜூடி டெர்பி டெஸ்ட்) என்று தொடங்கும் ஃபோல்டரை சர்வர் முழுக்கத் தேடுங்கள். இரண்டு கிடைத்தால் பழையதுதான் உங்களுடையது. டாம்கேட்டை நிறுத்திவிட்டு அதை காப்பி எடுத்து வையுங்கள்; அப்புறம் பழைய இடத்திலிருந்தே ஸ்டார்ட் செய்யுங்கள்.

பெயரிலேயே 'டெஸ்ட்' இருக்கிறது! மாதிரிக்காகத் தரும் தொகுப்பை அப்படியே இறக்கி வைத்துவிட்டு 'நிறுவல் முடிந்தது' என்று பில் போடுகிறவர்கள் அதிகம். இதைவிட ஆபத்தான ஒன்றையும் இவர்கள் தொடாமல் விட்டிருப்பார்கள். இயல்பாக வரும் லாகின் முறை பாஸ்வேர்டைச் சரிபார்ப்பதே இல்லை. புதுப் பெயரில் யார் வந்தாலும் அவரையும் பதிப்பாளராக, அதாவது பதிவகத்தில் பதியக்கூடியவராக, சேர்த்துக்கொள்ளும். இன்றே வாய்க்கு வந்த பாஸ்வேர்டைப் போட்டுப் பாருங்கள். உள்ளே விட்டால், பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் எல்டாப் போன்ற முறைக்கு மாற்றித் தரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பலர் பயன்படுத்தும் பதிவகத்துக்கு மைஎஸ்கியூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்தான் சரி. ஒரே விலக்கு: ஒருவர் மட்டும், தன் கணினியில், பழகிப் பார்க்க வைத்திருக்கும் பதிவகம். அதற்கு டெர்பி போதும். இன்னொரு நண்பரும் பார்க்கிறார் என்றாலே அது பழகிப் பார்ப்பது இல்லை. 'இப்போதைக்கு டெர்பி, பிறகு மாற்றலாம்' என்பதும் இந்த விலக்கில் வராது. அந்தப் 'பிறகு' வருவதே இல்லை.

இதைக் காட்டி, விலை கூடிய பதிவக மென்பொருளை உங்கள் தலையில் கட்ட ஏஜென்ட் வருவார். ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி சேர்ந்து நடத்திய பொது யூடிடிஐ பதிவகத்தையே 2006 ஜனவரியில் மூடிவிட்டார்கள். இன்னமும் டெண்டரில் யூடிடிஐ கட்டாயம் என்று பழைய ஆவணத்தைப் பார்த்து எழுதுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. உங்கள் டெண்டர் அப்படிக் கேட்கவில்லை என்றால் ஒரு ரூபாயும் புதிதாகச் செலவழிக்காதீர்கள். டாம்கேட்டை 10-ஆம் பதிப்புக்கு உயர்த்தச் சொன்னாலும் இப்போது கேட்காதீர்கள். ஜேயூடிடிஐயின் வார் ஃபைல் (டாம்கேட்டில் போடும் தொகுப்பு) அப்படியே அதில் ஓடாது. 9-லேயே இருங்கள்.