கலிபோர்னியாவில் வெளியேற்ற வழக்கு: ஜூரி விசாரணை கேட்பது எப்படி?

கேள்வி (சான் ஹோசே): குளியலறைச் சுவர் முழுக்கப் பூஞ்சை. பலமுறை சொல்லியும் வீட்டுக்காரர் சரிசெய்யாததால் வாடகையை நிறுத்தினேன். இப்போது வழக்குப் போட்டிருக்கிறார். ஜூரி (பொதுமக்கள் அடங்கிய நடுவர் குழு) கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். வீடு குடியிருக்கத் தகுந்த நிலையில் இல்லை என்பதை எதிர்வாதமாக வைக்கலாம் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1974-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. பூஞ்சை எவ்வளவு படர்ந்திருந்தது, அதை எப்போது தெரிவித்தீர்கள், அவர் என்ன செய்தார் என்பவற்றை எடைபோடுவதுதான் ஜூரியின் வேலை; பன்னிருவரில் 9 பேர் ஒத்துப்போனால் போதும். தேதி தெரியும் படங்களையும் குறுஞ்செய்திகளையும் இன்றே அச்செடுத்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, சம்மன் நேரில் தரப்பட்டிருந்தால் 10 நீதிமன்ற வேலை நாட்களுக்குள் யூடி-105 படிவத்தில் பதில் மனு தாக்கல் செய்துவிடுங்கள். 2024 முடியும்வரை 5 நாட்களே இருந்தன. இந்த 10 நாள் கெடுவைத் தவறவிட்டால் விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வந்துவிடக்கூடும்.

கேள்வி (ஃப்ரீமான்ட்): பதில் மனுவில் ஜூரி வேண்டும் என்று எழுதினால் போதுமா?

பதில்: அதை மட்டும் நம்ப வேண்டாம். விசாரணைத் தேதி கோரும் யூடி-150 படிவத்தில் ஜூரி வேண்டும், வேண்டாம் என இரண்டு கட்டங்கள் உண்டு. வீட்டுக்காரர் 'வேண்டாம்' என்று குறித்து அனுப்பியிருந்தால், நீங்கள் அதே படிவத்தில் 'வேண்டும்' என்று குறித்து எதிர்க்கோரிக்கையாக உடனே தாக்கல் செய்ய வேண்டும். கோரிக்கை வந்த 20 நாட்களுக்குள் விசாரணை நடத்த வேண்டும் என்பது சட்டம் என்பதால் எல்லாம் வேகமாக நகரும். 150 டாலர் ஜூரிக் கட்டணத்தை விசாரணைக்குக் குறைந்தது 5 நாட்களுக்கு முன் கட்டாவிட்டால் உரிமையைக் கைவிட்டதாகவே கொள்ளப்படும்; அந்த உரிமையை நீதிபதி விரும்பினால் திருப்பித் தரலாம், கட்டாயமில்லை. வருமானம் குறைந்தவர்கள் எஃப்டபிள்யூ-002 படிவத்தில் இக்கட்டணத்துக்கும் விலக்குக் கேட்கலாம்.

கேள்வி: வீட்டுக்காரரே கட்டிவிட்டாராம். நானும் கட்ட வேண்டுமா?

பதில்: கட்டுங்கள். ஒரு தரப்பு கட்டிய பணம் எதிர்த் தரப்பின் உரிமையைக் காக்காது.

கேள்வி: ஜூரி உரிமையை விட்டுக்கொடுப்பதாக வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன்.

பதில்: அந்த வாசகம் செல்லாது. வழக்கு எழும் முன்பே ஒப்பந்தம் மூலம் ஜூரி உரிமையைத் துறக்க முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது.

கேள்வி: வேலை போனதால் வாடகை கட்டவில்லை, வீட்டில் குறையேதும் இல்லை. ஜூரி கேட்டால் பலன் உண்டா?

பதில்: இருக்காது என்றே நினைக்கிறேன். வாடகை கேட்டு வந்த நோட்டீஸிலும் பாக்கிக் கணக்கிலும் தவறில்லை என்றால் ஜூரி தீர்மானிக்க எதுவுமில்லை. தோற்றால் வழக்குச் செலவும், ஒப்பந்தத்தில் இருந்தால் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் கட்டணமும் உங்கள் தலையில் விழும். இலவச சட்ட உதவி மையத்தை இந்த வாரமே அணுகி, வெளியேறும் தேதியையும் பாக்கித் தவணையையும் எழுத்தில் பேசி முடியுங்கள்.