ஹப் இல்லாத சென்சாரும் ஊர் மாறி வந்த பல்பும்

கேள்வி: சிகாகோவில் வேலை பார்த்த எங்கள் மகன் ஊர் திரும்பியபோது பிலிப்ஸ் ஹியூ ஸ்மார்ட் பல்புகள் நான்கு, அகாரா கதவு சென்சார்கள் மூன்று, இசட்-வேவ் என்ற கம்பியில்லா ரேடியோ முறையில் இயங்கும் பிளக் ஒன்று ஆகியவற்றைக் கொண்டுவந்தான். அவற்றை இணைத்துக் கட்டுப்படுத்தும் மையப் பெட்டிகளான ஹப்களை அங்கேயே நண்பருக்குக் கொடுத்துவிட்டான். இவை இங்கே பயன்படுமா? ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு ஹப் வாங்கியாக வேண்டுமா?
— வாசகி, மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: நிறுவனத்துக்கு ஒரு ஹப் என்று வாங்க வேண்டியதே இல்லை, அம்மா. ஆனால் அந்தப் பல்புகளை ஹோல்டரில் மாட்டிப் பார்த்துவிடாதீர்கள். கழுத்துப் பகுதியில் 110-130 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அவை நம் 230 வோல்ட் மின்சாரத்தைத் தாங்கா. பிளக்கையும் எடுத்து வைத்துவிடுங்கள். அமெரிக்க இசட்-வேவ் கருவிகள் 908 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. இந்தியாவில் அது செல்பேசிச் சேவைக்கு ஒதுக்கப்பட்ட 900 மெகாஹெர்ட்ஸ் வரிசைக்குள் வருகிறது. இங்கே இசட்-வேவுக்குரிய இடம் 865 மெகாஹெர்ட்ஸ் பகுதி என்பதால், எந்த ஹப் வாங்கினாலும் அந்தப் பிளக் அதனுடன் பேசாது.

சென்சார்களின் கதை வேறு. அவை பொத்தான் பேட்டரியில் ஓடுபவை. ஜிக்பீ என்ற இன்னொரு கம்பியில்லா முறையில், உலகெங்கும் பொதுவான 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுபவை. பெட்டியின் மேல் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் உள்ளே எந்த ரேடியோ இருக்கிறது என்று பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். பழைய மடிக்கணினி ஒன்றில் ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச மென்பொருளை நிறுவி, யு.எஸ்.பி. துளையில் ஜிக்பீ டாங்கிள் (விரல் அளவு ரேடியோ கருவி) ஒன்றைச் செருகினால், வெவ்வேறு நிறுவனங்களின் ஜிக்பீ கருவிகளை அந்த ஒரே இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். இணையம் அறுந்தாலும் வீட்டுக்குள் எல்லாம் இயங்கும். இதை நான் பெரிதாக நினைக்கிறேன். 2014-இல் நெஸ்ட் நிறுவனம் வாங்கிய, இணையச் சேவையை நம்பி ஓடிய ரெவால்வ் ஹப்பின் சேவை 2016 மே மாதத்தில் நிறுத்தப்பட்டபோது, முழு விலை கொடுத்து வாங்கியவர்களின் கையில் மிஞ்சியது வெறும் டப்பாதான். நம் காசில் வாங்கிய பொருளுக்கு அந்த நிலை வரக்கூடாது.

சேர்ப்பதற்கு முன் சென்சார் தன் பழைய ஹப்பை மறக்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் நீல விளக்கு சிமிட்டும். மென்பொருளில் புதிய கருவிக்கான இணைப்பைத் திறந்து வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். அல்சூரில் என் வீட்டில் முதலில் நான் டாங்கிளை யு.எஸ்.பி. 3 துளையில் நேரடியாகச் செருகியிருந்தேன். சேர்ந்த சென்சார் மறுநாளே காணாமல் போகும். மீண்டும் சேர்ப்பேன், மீண்டும் போகும். அந்தத் துளையிலிருந்து எழும் இரைச்சல் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் விழுகிறது என்று தெரிந்ததும், ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள் போட்டு டாங்கிளைத் தள்ளி வைத்தேன். தொல்லை அன்றோடு தீர்ந்தது.

தொலைவில் உள்ள கதவுக்குச் சிக்னல் எட்டாவிட்டால், இங்கேயே வாங்கிய ஜிக்பீ பிளக் ஒன்றை இடையில் செருகுங்கள். எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் கருவிதான் செய்தியைக் கடத்திவிடும். ஜிக்பீ பல்பும் அதைச் செய்யும் என்றாலும், சுவர் ஸ்விட்சை அணைக்கும் பழக்கமுள்ள நம் வீடுகளில் அதை நம்பிப் பயனில்லை.

கேள்வி: வெவ்வேறு நிறுவனக் கருவிகள் சேர்ந்து இயங்க ‘மேட்டர்’ என்ற பொதுத் தரம் இருக்கிறதாமே, இனி அதன் முத்திரை உள்ளதை மட்டும் வாங்கினால் போதுமா?
— வாசகர், இந்திரா நகர், பெங்களூரு

பதில்: பெரும்பாலும் போதும். 2022 அக்டோபரில் வெளிவந்த இந்தத் தரத்தின்படி, ஒரே கருவியை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நிறுவனங்களின் செயலிகளில் சேர்க்கலாம். ஆனால் த்ரெட் என்ற ரேடியோ முறையில் இயங்கும் மேட்டர் கருவிக்கு, அதை வீட்டு வலையமைப்போடு இணைக்கும் த்ரெட் பார்டர் ரவுட்டராகச் செயல்படும் பொருள் ஒன்று வீட்டில் இருந்தாக வேண்டும், வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கருவியைச் செயலியில் சேர்க்கத் தேவையான, அதன் மேல் ஒட்டியிருக்கும் 11 இலக்க எண்ணையும் கியூ.ஆர். குறியீட்டையும் சுவரில் பொருத்தும் முன்பே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.