நகர மையச் சாரத்தில் இறங்கு சரிவை எட்டாமல் விழுவது

பனிச்சறுக்குப் பலகையில் தாவும் போட்டிக்காக நகர நடுவே எழுப்பும் சாரத்தில், அதாவது இரும்புச் சட்டங்களின் மேல் பனி பரப்பிய தாவுமேடையில், மலையில் எளிதாக எட்டும் தூரத்தை எட்டாமல், இறங்கு சரிவுக்கு முந்தைய மேட்டிலேயே விழுவதாக எழுதி, பலகையை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பலகையை மாற்ற வேண்டாம். குதிமுனைக்கு முன், காற்றில் சுழல்வதற்காக நீங்கள் போடும் வளைவைக் குறைத்து, பலகையைத் தட்டையாக வைத்து இறங்குங்கள். மலையில் வேகம் போதாவிட்டால் சற்று மேலேறித் தொடங்கலாம். 2009-இல் சியோலின் குவாங்வாமுன் சதுக்கத்தில் எழுப்பியதைப் போன்ற சாரத்திலோ தொடங்குமிடம் ஒன்றுதான் என்பதால், பலகையின் விளிம்பு பனியைக் கீறும்போது இழக்கும் வேகத்தை மீட்க வழியே இல்லை.

அடுத்த பயிற்சியில் சுழலாமல் நேராகத் தாண்டிப் பாருங்கள். எட்டினால், குறை அந்த வளைவில்தான் இருக்கிறது.

அப்போதும் எட்டாவிட்டால் பனியைக் கையில் அள்ளிப் பிழியுங்கள். நீர் சொட்டினால், அந்த ஈரம்தான் பலகையின் அடிப்பரப்பை உறிஞ்சிப் பிடிக்கிறது. ஈரப்பனிக்குரிய மெழுகைப் பூசுங்கள். ஃபுளோரின் கலந்த மெழுகைப் பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 பருவம் முதல் தடைசெய்துள்ளது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மாலையில் குளிர்ந்தாலோ உப்புத் தூவினாலோ அதே பனி இறுகி வேகம் கூடிவிடும். சரிவைத் தாண்டிச் சமதளத்தில் விழுவது மேட்டில் விழுவதைவிடக் கொடியது. ஆகவே போட்டிக்கு முன் பிறர் இறங்கும் வேகத்தைப் பார்த்துவிட்டே இறங்குங்கள்.