செய்தி மடலை மட்டும் பார்த்து ஏதென்ஸ் வராதீர்கள்

தம்பி, உங்கள் நீண்ட கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். செப்டம்பரில் ஏதென்ஸ் வருகிறீர்கள். இங்குள்ள வெளிநாட்டுத் தொல்லியல் பள்ளி ஒன்றில் ஓராண்டு மாணவ உறுப்பினர். அவர்களுடைய செய்தி மடலைப் பார்த்தால் வாரம் முழுக்க உரை, கருத்தரங்கு, கண்காட்சி, பயணம். எதற்குப் போவது, எதை விடுவது? அகழாய்வில் இடம் கிடைக்குமா? கிரேக்கமும் தெரியாது, இறைச்சியும் சாப்பிட மாட்டேன், சமாளிக்க முடியுமா? இதுதானே?

நான் இங்கே அகழாய்வில் கிடைக்கும் பானை ஓடுகளைப் படமாக வரைந்து பிழைப்பவள். கோடையில் ஏதாவது ஒரு அகழாய்வின் பொருட்களை வைக்கும் கிடங்கு, குளிர்காலத்தில் நூலக மேசை என்று பல வருடமாக ஓடுகிறது. அதனால் என் பதில் கிடங்குப் பக்கமாகத்தான் சாயும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

'பள்ளி' என்ற பெயரைக் கண்டு வகுப்பறையைத் தேடாதீர்கள். ஒரு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இங்கே வந்து ஆய்வு செய்ய வைத்திருக்கும் தளம் அது. பிரெஞ்சுக்காரர்கள் 1846-இல் தொடங்கினார்கள், ஜெர்மானியர்கள் 1874, அமெரிக்கர்கள் 1881, பிரிட்டிஷார் 1886. இன்று இருபதுக்கு ஒன்றிரண்டு முன்பின்னாக இருக்கின்றன. அமெரிக்கப் பள்ளியும் பிரிட்டிஷ் பள்ளியும் சுயிடியாஸ் தெருவில் பக்கத்துப் பக்கத்து வளாகம். எவாங்கெலிஸ்மோஸ் மெட்ரோ நிலையத்திலிருந்து மேடேறினால் சில நிமிட நடை. எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் மற்றப் பள்ளிகளின் உரைகளுக்குப் போகலாம், யாரும் தடுப்பதில்லை.

இப்போது செய்தி மடல் விஷயம். அதில் வரும் அகழாய்வுச் செய்தி எல்லாம் உண்மைதான், ஆனால் எல்லாமே பழசு. அகழாய்வில் ஒரு பொருள் கிடைத்த அன்றைக்கே யாரும் அதை வெளியே சொல்வதில்லை. பெரிய கண்டுபிடிப்பென்றால் கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகம்தான் முதலில் அறிவிக்கும். அதற்கு முன்பு நீங்கள் குழியில் நின்று ஒரு படம் எடுத்து வெளியிட்டுவிட்டால் அந்த அகழாய்வின் அனுமதிக்கே சிக்கல் வரலாம். செல்பேசியைப் பையிலேயே வைத்திருங்கள்.

தென்மேற்குக் கிரேக்கத்தில் பீலோஸில் நடந்ததைச் சொல்கிறேன். சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்து ஷேரன் ஸ்டாக்கரும் ஜாக் டேவிஸும் 2015-இல் ஹோமர் காவியத்து மன்னன் நெஸ்டர் பெயரில் அழைக்கப்படும் பழைய அரண்மனைக்குப் பக்கத்தில் தோண்ட வந்தார்கள். அவர்கள் ஆசைப்பட்டது வேறொரு நிலம். காகித வேலை ஒரு பக்கம், வழக்கறிஞர்கள் வேலைநிறுத்தம் ஒரு பக்கம், அந்த நிலத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. சரி, கிடைத்த இடத்தில் தோண்டுவோம் என்று பக்கத்து ஆலிவ் தோப்புக்குப் போனார்கள். அங்கே சுமார் 3500 வருடம் யாரும் தொடாத ஒரு வீரனின் கல்லறை. மே மாதம் தோண்டத் தொடங்கியது, உலகத்துக்குத் தெரிந்தது அக்டோபரில். அதிலிருந்து வந்த 3000-க்கும் மேற்பட்ட பொருட்களில் ஒன்று, சுண்ணாம்பு படிந்து ஒரு பாசிமணி மாதிரிக் கிடந்தது. பழம்பொருளைச் சுத்தம் செய்து பேணுபவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் பொறுமையாகச் சுரண்டிய பிறகுதான் அது ஒரு முத்திரைக்கல் என்று தெரிந்தது. 3.6 சென்டிமீட்டர் அகேட் கல்லில் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள், மூன்றாவது ஆள் கீழே செத்துக் கிடக்கிறான். தசைநார் வரை செதுக்கியிருக்கிறார்கள். அறிவித்தது 2017 நவம்பரில். செய்தி மடலில் அது ஒரு பத்தி. அந்தப் பத்திக்குப் பின்னால் இருந்த இரண்டரை வருடத்தில் நீங்கள் எங்கே உட்காரப் போகிறீர்கள் என்று யோசித்தால், எந்த நிகழ்ச்சிக்குப் போவது என்பது தானாகத் தெளியும்.

இன்னொன்று, எனக்கு இதைவிடப் பிடித்தது. யூபீயா தீவில் எரெட்ரியா என்ற பழைய நகரத்தை சுவிட்சர்லாந்துக்காரர்கள் 1964 முதல் தோண்டுகிறார்கள். அந்த ஊரின் பெரிய தெய்வமான ஆர்ட்டெமிஸ் அமரீசியாவின் கோயில் மட்டும் அகப்படவில்லை. நகர மதிலிலிருந்து 7 ஸ்டேடியா (பழைய கிரேக்கத் தூர அளவு) தூரம் என்று அந்தக் காலத்துப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். தேடியவர்கள் அந்தச் சுற்றளவிலேயே தேடினார்கள். டெனி நோப்ஃப்ளர் என்ற கல்வெட்டறிஞர், பிரதி எடுத்த யாரோ எண்ணைத் தவறாக எழுதியிருக்க வேண்டும், அது 60 ஸ்டேடியா என்றார். கிரேக்கத்தில் எண்ணுக்கு எழுத்துதான். 7-க்கும் 60-க்கும் உரிய எழுத்துகள் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். 60 ஸ்டேடியா என்றால் சுமார் 11 கிலோமீட்டர், அதாவது அமரீந்தோஸ் பக்கம். அங்கே போய்த் தோண்டினார்கள். 2017-இல் ஆர்ட்டெமிஸ் பெயர் முத்திரையிட்ட கூரை ஓடுகள் கிடைத்தன, கோயில் அங்கேதான் என்று உறுதியானது. மண்வெட்டி எடுப்பதற்குப் பல பத்தாண்டு முன்பே ஒருவர் நூலகத்தில் பாதி வேலையை முடித்துவிட்டார்.

ஆகவே முதல் மாதம் நூலகம். அமெரிக்கப் பள்ளியின் பிளெகன் நூலகம், எதிர்ப்பக்கம் ஜெனாடியஸ் நூலகம். ஜோவானெஸ் ஜெனாடியஸ் என்ற தூதர் தன் 26,000 நூல்களைக் கொடுத்து, 1926-இல் திறந்தது அது. பளிங்குத் தூண்களைப் பார்த்துத் தயங்காதீர்கள், உள்ளே போய் வாசகர் அட்டை வாங்குங்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் பள்ளி நூலகங்கள் இரண்டுக்கும் அம்ப்ரோசியா என்று ஒரே பொது அட்டவணை இருக்கிறது, வீட்டிலிருந்தே தேடலாம். புத்தகம் வெளியே போகாது. அதனால் ஆட்கள் உள்ளேயே இருப்பார்கள், அதுதான் வசதி. நீங்கள் தேடும் தாழி வகையைப் பற்றி எழுதியவரே இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பார். நேராகப் போய்க் கேட்க வேண்டாம். மாலைத் தேநீர் வரை பொறுங்கள்.

தேநீரைப் பற்றி மடலில் ஒரு வரியும் வராது. பள்ளிக்குப் பள்ளி வழக்கம் வேறு. சில இடத்தில் தேநீர், சில இடத்தில் இரவு உணவுக்கு முன் ஊசோ என்ற மது. குடிக்காவிட்டால் பரவாயில்லை, தண்ணீர்க் குவளையோடு நில்லுங்கள். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் யாருக்குக் கிடங்கில் கை தேவை, எந்த அகழாய்வில் ஆள் குறைகிறது, யாருடைய அனுமதி இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் வரும். எனக்குக் கிடைத்த வேலைகளில் பெரும்பாலானவை விளம்பரத்தில் வந்தவை அல்ல.

உரைகளில் தவற விடக்கூடாதது ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்கொருமுறை நடத்தும் பொதுக்கூட்டம். முந்தைய ஆண்டு எங்கெங்கே தோண்டினோம், என்ன கிடைத்தது என்று இயக்குநரே படங்களோடு சொல்வார். ஒரே மாலையில் நாடு முழுக்கச் சுற்றி வந்துவிடலாம். அதற்கு அமைச்சக அதிகாரிகளும் மற்றப் பள்ளிக்காரர்களும் வருவார்கள். மற்ற உரைகளில் உங்கள் துறைக்கு அப்பாற்பட்டதற்கு மாதம் ஒன்று போதும். பலவற்றை இப்போது இணையத்தில் நேரலையாகவே விடுகிறார்கள். ஏழு மணி உரைக்காக ஒவ்வொரு நாளும் நூலகத்திலிருந்து எழுந்து போனால் ஆண்டு முடிவில் கையில் குறிப்பேடுதான் மிஞ்சும்.

இலையுதிர் காலப் பயணங்கள் கிடைத்தால் விடாதீர்கள். பேருந்தில் நாள்கணக்கில் போவது, ஒவ்வொரு மாணவரும் ஒரு இடத்தைப் பற்றி அங்கேயே சிதைவுக்கு நடுவில் நின்று பேசுவது. காற்று அடிக்கும், தாள் பறக்கும், பேராசிரியர் குறுக்கே கேள்வி கேட்பார். மனப்பாடம் செய்து பேசுகிறவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்தது அகழாய்வு. இடம் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டிருந்தீர்கள். கிரேக்கத்தின் தொல்பொருள் சட்டப்படி ஒரு வெளிநாட்டுப் பள்ளிக்கு ஆண்டுக்கு மூன்று அகழாய்வு அனுமதி, கிரேக்கத் தொல்லியல் துறையோடு சேர்ந்து செய்வதற்கு இன்னும் மூன்று. அவ்வளவுதான். அந்த அனுமதிக்கு அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் வரிசையில் நிற்கும். கிடைத்த பொருள் அத்தனையும் கிரேக்க அரசுக்கே சொந்தம், அனுமதி இல்லாமல் ஒரு ஓடுகூட நாட்டைவிட்டு வெளியே போகாது. வயலில் நடக்கும்போது காலில் இடறும் ஓட்டை நினைவுக்காகப் பையில் போட்டுக்கொள்வதும் குற்றமே. பார்த்தீர்களா, இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

நீங்கள் ஆசைப்படும் ஏதென்ஸ் அகோராவை, அதாவது பழைய நகரச் சந்தைச் சதுக்கத்தை, அமெரிக்கப் பள்ளி 1931 முதல் தோண்டுகிறது, கொரிந்து என்ற பழைய நகரத்தை 1896 முதல். அகோராவில் கோடைத் தன்னார்வலர்களுக்கு இடம் உண்டு, ஆனால் விண்ணப்பத்தைக் குளிர்காலத்திலேயே முடித்துவிட வேண்டும்; மே மாதம் எழுதிக் கேட்டால் பதில் பணிவாக இருக்கும், இடம் இருக்காது. வேலை அதிகாலையில் தொடங்கும். கொத்துக்கோடாலி, மண் சுரண்டும் கொத்தனார் கரண்டி, சல்லடை, வாளி, அப்புறம் ஓடு கழுவுவது. ரயில் அந்த இடத்தின் நடுவே ஓடுகிறது; சத்தம் இரண்டு நாளில் பழகிவிடும், வெயில் பழகாது. 2023 ஜூலையில் அனல் தாங்காமல் அக்ரோபோலிஸ் கோயில் குன்றையே நண்பகலிலிருந்து மாலை வரை மூடினார்கள். தொப்பி, முழுக்கைச் சட்டை, தண்ணீர் மூன்றும் இல்லாமல் வராதீர்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், முதல் வருடத்திலேயே குழியில் இறங்கவில்லை என்று ஏங்க வேண்டாம். தோண்டுவது ஆறு வாரம், தோண்டியதைப் படிப்பது வருடக்கணக்கு. கிடங்கில் ஓடு பிரிக்க, எண் போட, வரைய எப்போதும் ஆள் பற்றாக்குறை. முப்பரிமாண ஒளிவருடி வந்த பிறகு வரைபவர்கள் தேவையில்லை என்று சொன்னார்கள். விளிம்பு எந்தச் சாய்வில் நிற்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து முடிவு செய்யும் வேலை இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அகோராவில் அட்டலோஸ் மண்டபத்து அருங்காட்சியகத்துக்குப் போய் ஒஸ்திராகா ஓடுகளைப் பாருங்கள். யாரை நாடு கடத்துவது என்று ஏதென்ஸ் மக்கள் பெயர் கீறிப் போட்டவை. தெமிஸ்டோக்ளிஸ் என்ற அந்தக் காலத்து அரசியல் தலைவரின் பெயர் கீறிய சுமார் 190 ஓடுகள் அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரே கிணற்றில் கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் எழுதியவர்கள் பதினான்கு பேர்தான்! முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்திருந்திருக்கிறார்கள். குழியில் அவை வெறும் ஓட்டுக் குவியல். மேசையில் பரப்பி எழுத்தை ஒப்பிட்ட பிறகுதான் அது தேர்தல் தில்லுமுல்லு ஆனது.

வாழ்க்கைப் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். நீண்டகாலம் தங்குவதற்கான டி வகை விசாவோடு வாருங்கள், வந்ததும் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். அட்டை வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை விண்ணப்பித்ததற்கான வெவேயோசி என்ற சான்றுதான் கையில். அதை வைத்து இங்கே இருக்கலாம்; பொது விசா முறையில் சேர்ந்த மற்ற ஐரோப்பிய (ஷெங்கன்) நாடுகளுக்குப் போக அது உதவாது. ரோமில் நடக்கும் மாநாட்டுக்கு அந்தக் காலத்தில் பெயர் கொடுத்துவிடாதீர்கள். சான்றிதழ்களுக்கு, வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரையை ஊரிலேயே வாங்கி வாருங்கள். வீட்டு ஒப்பந்தத்துக்கு அஃபிமி என்ற வரி எண் வேண்டும். கொலோனாக்கியில் வீடு தேடாதீர்கள், மாணவர் பணத்துக்குக் கட்டாது. பங்ராட்டி, இலிசியா, ஸோக்ராஃபு பக்கம் பாருங்கள். அபெர்கியா என்ற சொல்லை முதலில் கற்றுக்கொள்ளுங்கள், வேலைநிறுத்தம். மெட்ரோவும் அருங்காட்சியகமும் சேர்ந்தே நிற்கும் நாட்கள் உண்டு.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். இங்கே மரபுவழித் திருச்சபையின் நோன்பு நாட்கள் வருடத்தில் ஏராளம், அதற்கென்றே நிஸ்தீசிமா உணவு எல்லா இடத்திலும் உண்டு. பீன்ஸ் சூப், ஆலிவ் எண்ணெயில் வெந்த வெண்டைக்காய், கத்தரிக்காய், திராட்சை இலையில் சோறு. கணவாய் மீனை மட்டும் நோன்பு உணவு என்று நீட்டுவார்கள், பார்த்து வாங்குங்கள். வாரம் ஒருநாள் தெருவில் கூடும் லைக்கி சந்தையில் காய் மலிவு, கடை கட்டும் நேரத்தில் இன்னும் மலிவு.

கிரேக்கம் பற்றி: பள்ளிக்குள் ஆங்கிலம் போதும். கிடங்கில் போதாது. அங்கே சாவி வைத்திருப்பவர் காவலர், ஓடு கழுவுவதில் இருபது வருட அனுபவம் உள்ளவர் உள்ளூர்ப் பெண்மணி, இருவரும் கிரேக்கத்தில்தான் பேசுவார்கள். வருவதற்கு முன்பே எழுத்துகளையும் எண்களையும் படித்துவிடுங்கள். மீதியை அவர்களே சிரித்துக்கொண்டு சொல்லித் தருவார்கள்.

கடைசியாக, மண் சுரண்டச் சொந்தக் கரண்டி கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. ஆனால் கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். பெரிய பெட்டியில் துணிக்குள் சுற்றி வையுங்கள்.