கேளுங்க சொல்றோம்: "ஆபரேஷன் ஆச்சா?"

கேள்வி: என் மூத்த பையன் காலேஜ் ரெண்டாம் வருஷம். தான் ஒரு பொண்ணுன்னு ஒரு வருஷமா சொல்லிட்டு இருக்கான். பேர மாத்தணும்னு நிக்கிறான். ஆபரேஷன் பண்ணி டாக்டர் எழுதிக் குடுத்தாதான் கவர்மென்ட்ல ஏத்துக்குவாங்கன்னு என் கொழுந்தனார் சொல்றார். எனக்கு பயமா இருக்கு. எம்புள்ள நல்லா இருந்தா போதும். (ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்)

பதில்: அம்மா, உங்க கொழுந்தனார் சொல்றது சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக்கு நேர் எதிர். 2014 ஏப்ரல் 15ல சுப்ரீம் கோர்ட்டு இதுக்கு தெளிவா பதில் சொல்லிருச்சு. நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும் குடுத்த தீர்ப்பு அது, ஒருத்தர் ஆணா பொண்ணா திருநரா (திருநங்கை, திருநம்பி எல்லாருக்கும் பொதுப்பேர்)ன்னு சொல்ற உரிமை அவங்களுக்குத்தான், பாக்க வேண்டியது மனச, உடம்ப இல்ல, ஆபரேஷன் பண்ணிட்டு வான்னு கட்டாயப்படுத்துறதே சட்டவிரோதம்னு எழுதிட்டாங்க.

அப்புறம் ஏன் குழப்பம்னா, 2019ல வந்த திருநர் பாதுகாப்பு சட்டம்தான். அது வந்தப்போ 4வது பிரிவுல தன் பாலினத்த தானே உணர்ந்து சொல்லலாம்னு போட்டுட்டு, 7வது பிரிவுல ஆண்னோ பெண்னோ மாத்தி சர்டிபிகேட் வாங்க ஆஸ்பத்திரில இருந்து ஆபரேஷன் சான்று கொண்டான்னு போட்டாங்க. ஒரு கையால குடுத்து இன்னொரு கையால புடுங்குற கதை. அந்தச் சட்டமும் விதிகளும் மாறலாம், அதனால அப்ளை பண்றதுக்கு முன்னாடி உங்க மாவட்ட கோர்ட்டு வளாகத்துல இருக்கிற இலவச சட்ட உதவி மையத்துல இன்னைய நிலவரம் என்னன்னு கேட்டுக்கோங்க. கூச்சப்படாதீங்க, 2014 கேஸ போட்டதே தேசிய சட்டப் பணிகள் ஆணையம்தான், அதாவது இதே இலவச சட்ட உதவிக்காரங்களோட தலைமை இடம்.

தனியா மட்டும் அனுப்பாதீங்க. ஒரு தோழிகூட நான் ஒரு ஆபீசுக்கு போயிருந்தேன், கவுன்டர்ல இருந்தவர் டிசில இருக்கிற போட்டோவ பார்த்தார், அவ மூஞ்சிய பார்த்தார், பின்னாடி பதினஞ்சு பேர் நிக்கிற வரிசைக்கு கேக்குற மாதிரி "ஆபரேஷன் ஆச்சா?"ன்னார். அவ டிசிய நாலா மடிச்சு ஹேண்ட்பேக்ல வச்சுட்டு வெளிய வந்துட்டா. திரும்ப அந்தப் படி ஏற அவளுக்கு எட்டு மாசம் ஆச்சு.

இன்னொண்ணு. லெட்டர் பூரா பையன் பையன்னு எழுதிட்டு கடைசில மட்டும் "எம்புள்ள"ன்னு போட்டிருக்கீங்க. புள்ளைன்னு கூப்பிட ஆணா பொண்ணான்னு பாக்க வேண்டியதில்லம்மா. புதுப்பேர் வாயில வர்ற வரைக்கும் அதையே வச்சுக்கோங்க.

கேள்வி: அதான் திருநர்கள எம்பிசில சேத்தாச்சே, இன்னும் என்ன தனி இடஒதுக்கீடு? (வாசகர், மதுரை)

பதில்: சேத்தாங்க, 2015ல. ஆனா எம்பிசில போட்டா அந்தப் பட்டியல்ல இருக்கிற அத்தன பேரோடயும் சேந்து போட்டி போடணும். எஸ்சி சர்டிபிகேட் இருக்கிற திருநங்கைன்னா அங்கயும் அதே கதைதான். அந்த உத்தரவுல திருநர்ங்கிறதுக்காக தனி ஒதுக்கீடு வைக்கல, வீட்ட விட்டு தொரத்துனதால படிப்பு விட்டுப்போன ஒருத்தி எப்படி சார் சரிக்கு சரி போட்டி போடுவா? பாலினத்த சாதி மாதிரி நடத்துறது தப்புன்னு 2024ல சென்னை ஹைகோர்ட்டும் சொல்லிருச்சு. அவங்க கேக்குறது கிடைமட்ட ஒதுக்கீடு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு இருக்கிற மாதிரி ஒவ்வொரு பிரிவுக்குள்ளயும் கொஞ்சம் இடம். கர்நாடகால 2021லயே 1 சதவீதம் குடுத்துட்டாங்க. மொதல்ல திருநங்கையர் நல வாரியம் ஆரம்பிச்ச நாம, இதுல பின்தங்கிட்டோம்.

அப்ளிகேஷன் ஃபார்ம்ல ஆண், பெண்ன்னு ரெண்டு கட்டம் மட்டும் இருந்ததால எஸ்ஐ வேலைக்கு மனுவே தள்ளுபடியாகி, திருநங்கை பிரித்திகா யாஷினி கோர்ட்டுக்கு போய்தான் 2017ல தர்மபுரில டூட்டில சேந்தாங்க. ஒவ்வொருத்தரும் கோர்ட்டு ஏற முடியுமா?

கேள்வி: ஏப்ரல் 15 ஏன் திருநங்கையர் தினம்? சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பாலயா? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: இல்லப்பா. 2008ல அதே தேதில தமிழ்நாட்டுல நல வாரியம் ஆரம்பிச்சாங்க, நாட்டுலயே மொத வாரியம், அதுக்காகத்தான் அந்த நாள். தீர்ப்பு ஆறு வருஷம் கழிச்சு அதே தேதில வந்து விழுந்துச்சு.