குதிரை லாயத்துக்கு வாடகை கொடுக்கலாமா?

கேள்வி: லண்டனில் பாடிங்டன் பக்கம் ஒரு மியூஸ் வீட்டை வாடகைக்குப் பார்த்தோம். பழைய குதிரை லாயத்தையும் வண்டிக் கொட்டகையையும் வீடாக மாற்றியிருக்கிறார்கள். வெளியே ரோஸ் நிறம், உள்ளே மஞ்சள் படிக்கட்டு, மயில்நீலத்தில் அடுப்படி, மாடியில் பச்சைச் சுவர். எனக்கு அங்கிருந்து கிளம்பவே மனசில்லை. "குதிரை கட்டின இடத்துக்கு மாசம் 3,250 பவுண்டா?" என்கிறார் கணவர். மூன்று வயதில் பையன் இருக்கிறான். மூட்டு வலியோடு அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கப் போகிறார். வீட்டை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்க 1,500 பவுண்ட் உடனே கட்டச் சொல்கிறார் ஏஜென்ட். கட்டலாமா?
— வாசகி, லண்டன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பணத்தை இன்று கட்டாதீர்கள். வீட்டை வேண்டாம் என்றும் சொல்லிவிடாதீர்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு இன்னொரு தடவை போய், அந்த நிறங்களுக்கு அடியில் இருக்கும் லாயத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் பேஸ்வாட்டர், கென்சிங்டன், மேஃபேர் பகுதிகளில் பெரிய மனிதர்களின் மாளிகைகள் வரிசையாக எழுந்தபோது, அவற்றின் புழக்கடைப் பக்கம் ஒரு சந்து விட்டுக் கட்டியவைதான் இந்த மியூஸ் வீடுகள். கீழே குதிரையும் கோச்சு வண்டியும், மேலே வைக்கோல் பரணும் வண்டிக்காரர் குடும்பமும். மோட்டார் கார் வந்ததும் லாயங்கள் கார் ஷெட்டாகவும் பட்டறையாகவும் மாறி, பிறகு ஒவ்வொன்றாக வீடுகள் ஆயின. பாடிங்டனுக்குப் பக்கத்திலேயே பாத்தர்ஸ்ட் மியூஸில் இன்னும் குதிரைகள் கட்டியிருக்கிறார்கள், ஒரு நடை போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டின் கீழ்த்தளக் கதவு ஏன் அவ்வளவு அகலம் என்பது அங்கே நின்றால் சட்டென்று புரியும். குதிரை கட்டிய இடமாயிற்றே என்று கணவர் கூச்சப்பட வேண்டியதில்லை. அந்த வீட்டின் நல்லது கெட்டது எல்லாம் அந்தக் குதிரையிலிருந்துதான் வருகிறது என்பதை மட்டும் அவர் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலில் வெளிச்சம். மியூஸ் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம் ஜன்னலே கிடையாது. வண்டிக்காரர் வீட்டிலிருந்து எஜமானரின் தோட்டம் தெரியக்கூடாது என்று பின்சுவரை மொட்டைச் சுவராக எழுப்பினார்கள். ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும் வீட்டில் வெள்ளையடித்தால், உள்பக்க மூலைகள் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். மஞ்சளும் மயில்நீலமும் அடித்திருப்பது அதனால்தானோ என்னவோ. அப்படியானால் அடித்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, நான் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் பார்த்தது பகலில், எல்லா விளக்கும் எரியும்போதுதானே? இந்தத் தடவை ஏஜென்டிடம் சொல்லி விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லுங்கள். வீட்டின் பின்கோடியில் நின்று ஒரு செய்தித்தாளைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். நவம்பர், டிசம்பரில் அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும், சின்னப் பையனோடு பகல் முழுக்க வீட்டுக்குள் இருக்கப் போவது நீங்கள்.

அடுத்தது ஓதம். நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். குதிரைகள் பல வருஷம் நின்ற தரையிலும் செங்கல்லிலும் அவற்றின் மூத்திரம் ஊறி உப்பாகத் தங்கியிருக்கும். காற்றில் ஈரம் கூடும்போதெல்லாம் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் மறுபடி சுவர் பூக்கும், பெயின்ட் பொருக்குப் பொருக்காக எழும்பும். நம் ஊரில் பழைய வீட்டுச் சுவரில் உப்புப் பூப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். கீழ்த்தளத்தில் சோபாவை ஒரு சாண் நகர்த்தச் சொல்லுங்கள். தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை சுவரைப் புறங்கையால் தடவிப் பாருங்கள். சில்லென்று இருந்தாலோ, வெள்ளைப் பொடி ஒட்டினாலோ, அந்த இரண்டடியில் மட்டும் பெயின்ட் புத்தம் புதிதாக இருந்தாலோ, "இதற்கு என்ன வேலை செய்தீர்கள், எப்போது செய்தீர்கள்?" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். சுவர் அலமாரிகளைத் திறந்து மோந்தும் பாருங்கள். மழை பெய்து முடிந்த மறுநாள் போக முடிந்தால் ரொம்ப நல்லது.

அடுப்படி மயில்நீலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே நம் சமையல் நடக்குமா என்பதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறியைப் போட்டு, அது இழுக்கும் காற்று வெளியே போகிறதா என்று சந்தில் இறங்கிப் பாருங்கள். பின்சுவரில் துளை போட முடியாத வீடுகளில் காற்றை வடிகட்டி வீட்டுக்குள்ளேயே திருப்பி விடும் விசிறியைத்தான் பொருத்துவார்கள். அப்படியென்றால் காலையில் தாளித்த வாடை ராத்திரி மாடித் தலையணையில் இருக்கும். மஞ்சள் படிக்கட்டு அடுப்படிக்குள்ளிருந்தே ஏறுகிறதா? அப்படியானால் மாடி ஜன்னல்கள் முழுசாகத் திறக்கின்றனவா என்று கையால் திறந்து பாருங்கள். அடுப்படியில் தீப்பிடித்தால் மேலே தூங்குகிறவருக்கு வேறு வழி இல்லை. ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் இருக்க வேண்டும் என்பது சட்டம். கேஸ் பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் 2022 அக்டோபரிலிருந்து கட்டாயம்.

இனி அம்மா. எல்லா நிறத்தையும் விட இதுதான் உங்கள் முடிவை நிர்ணயிக்க வேண்டும் என்பேன். பரணுக்கு ஏறிய படி இன்றும் பல வீடுகளில் செங்குத்தாகத்தான் இருக்கிறது. படுக்கையறையும் குளியலறையும் மாடியில், ஹால் மட்டும் கீழே என்றால், மூட்டு வலிக்காரர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குவார்? கீழேயே ஒரு அறையும் கழிப்பறையும் இருந்தால் தாராளமாக எடுங்கள். இல்லையென்றால் இந்த வீடு வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். வாசலைத் தாண்டியதும் கருங்கல் பாவிய சந்து, மழையில் வழுக்கும். அம்மா செருப்போடு நடப்பவர் என்றால் அதையும் யோசியுங்கள். குழந்தை வண்டியைத் தள்ளிப் பார்த்தீர்களா? படத்தில் அழகாகத் தெரியும் அந்தக் கற்கள் சக்கரத்துக்கு ஆகாது. இன்னொன்று, முற்றமோ திண்ணையோ இல்லாமல் கதவு நேராகச் சந்தில் திறக்கும். ரோஸ் நிற வீட்டுக்கு முன்னால் நின்று படம் எடுக்க வருகிறவர்கள் லண்டனில் ஏராளம். அவர்கள் அம்மாவுக்குத் தொந்தரவாக இருப்பார்களா, பேச்சுத் துணையாக ஆவார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பண விஷயத்தில் ஏஜென்ட் சொன்னது தப்பு. இங்கிலாந்தில் 2019ல் வந்த வாடகைக் கட்டணச் சட்டப்படி, வீட்டைப் பிடித்து வைக்க அதிகபட்சம் ஒரு வார வாடகைதான் கேட்கலாம். மாதம் 3,250 என்றால் வருஷத்துக்கு 39,000, வாரத்துக்கு 750 பவுண்ட். 1,500 கேட்பது சட்டத்துக்குப் புறம்பு. மரியாதையாக, ஆனால் எழுத்தில் அதைச் சொல்லுங்கள். அந்த 750ஐயும் கட்டிவிட்டு நீங்களாகப் பின்வாங்கினால் திரும்பி வராது, அதனால்தான் முதலில் பார்த்து முடியுங்கள் என்கிறேன். வருஷ வாடகை 50,000க்குக் குறைவாக இருப்பதால் டெபாசிட் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. உங்கள் கணக்கில் 3,750. வாங்கிய 30 நாளுக்குள் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்து, விவரத்தை உங்களுக்குத் தர வேண்டும். 2026 மே 1 அல்லது அதற்குப் பிறகு போடும் ஒப்பந்தம் என்றால், ஒரு மாதத்துக்கு மேல் வாடகையை முன்கூட்டிக் கேட்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை.

வீட்டின் எரிசக்திச் செலவை 'ஏ' முதல் 'ஜி' வரை தரம் பிரித்துச் சொல்லும் எரிசக்திச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். வாடகை வீட்டுக்குக் குறைந்தது 'இ' தரம் வேண்டும். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம் என்று சொல்லி விலக்கு வாங்கியிருந்தால், குளிர்காலப் பில் எவ்வளவு வந்தது என்று இப்போது குடியிருப்பவரிடமே கேளுங்கள். லாயத்துச் சுவர் பெரும்பாலும் இடைவெளி விடாத ஒற்றைச் செங்கல் சுவர், சூடு நிற்காது. கீழே கார் ஷெட்டும் அதற்கு மேல் படுக்கையறையும் இருந்தால் தரை வேறு ஜில்லிடும்.

இரண்டாவது தடவை பார்க்கச் சனிக்கிழமை, இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் நேரம் கேளுங்கள். பகல் வெளிச்சமும் தெரியும், இருட்டும் தெரியும், சந்தில் ஆள் நடமாட்டமும் தெரியும். அம்மா எந்த மாதம் வருகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. பனிக்காலம் என்றால், கீழ் அறையில் ஹீட்டர் இருக்கிறதா, சுடுகிறதா என்பதை அன்றைக்கே தொட்டுப் பார்த்துவிடுங்கள்.